முத்தைக் கடித்த பல்

என் பெரியம்மா மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். மூன்றே மாதம். அதற்காக அவளை அக்கா என்று கூப்பிடச் சொல்லி வீட்டில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். நான் கூப்பிட்டதில்லை. தூத்துக்குடியில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, சர்ச்சில் ஒரே நாளில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. அந்தப் புதுநன்மை போட்டோவில் அவள் தலையில் முக்காடு நேராக இருக்கிறது, என்னுடையது காதுப்பக்கம் சரிந்து கிடக்கிறது. போட்டோவை யார் பார்த்தாலும் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள். பிறகு, பக்கத்தில் யாரு, நம்ம சின்னதா என்பார்கள்.

மார்க் என்னவோ எனக்குத்தான் கூட. துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்ததும் அவளுக்கு முன்னால்தான். ஆனால் மார்க்கை யாரும் வாயில் மாட்டிக்கொண்டு சிரிக்க முடியாது. அவள் சிரிப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு மட்டும் சில்லறை தேடித் தருவார்.

போன வருடம் இரண்டு பேரும் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தோம். உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் சிந்திப் போட்ட மண்ணில் முன் சக்கரம் வழுக்கியது. ஓட்டியது நான், பின்னால் இருந்தது அவள். இரண்டு பேருக்கும் மேல்வரிசையில் முன்பல் ஒவ்வொன்று பாதியாக உடைந்தது. பல்லில்கூட எங்களுக்குள் சமபங்கு. ஆனால் தெருவே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு எதிர்வீட்டுக்குப் போனது. எங்கள் வீட்டு வாசலோடு நின்றவர்கள், நீதான ஓட்டுன, மெதுவாப் போகக் கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பல் டாக்டரிடம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். செல்போன் கடைக்கு மேலே மாடியில் அவர் கிளினிக். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர், நிதானமாகப் பேசுவார். வேர் சிகிச்சை செய்துவிட்டு, மேலே கேப் போட வேண்டும், இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று உள்ளே உலோகம், மேலே பீங்கான் பூச்சு. இன்னொன்று ஜிர்கோனியா, உலோகமே கிடையாது, உள்ளும் புறமும் வெள்ளை. விலை கூட, ஆனால் வாரண்டி கார்டு உண்டு. கல்யாணச் செலவு வருகிறதென்று பெரியம்மா உலோகக் கேப் போதும் என்றுவிட்டாள். நான் இரண்டு நாள் போனைத் தடவி ஜிர்கோனியாவைப் பற்றி இருப்பதையெல்லாம் படித்தேன். படித்து முடித்ததும் என் சம்பளத்தில் அதையே போடச் சொன்னேன். காரணத்தை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு பொருளாவது அவளுடையதைவிட உசத்தியாக என்னிடம் இருக்க வேண்டும். அதுவும் முகத்தின் நடுவில்.

கேப் மாட்டிய அன்று டாக்டரை நான் பேசவிடவில்லை. பசை எவ்வளவு நேரத்தில் இறுகும், லேப் எந்த ஊரில் இருக்கிறது, அளவை எப்படி அனுப்புகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே மாட்டினார். முடிந்ததும் ஒரு நோட்டை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். வாரண்டி கார்டைப் பர்ஸில் வைத்தேன். பிறகு கண்ணாடியைக் கொடுத்தார்.

அன்றே மாட்டிக்கொண்ட அவள் பல் சொந்தப் பல் மாதிரியே இருந்தது. வெளிச்சம் உள்ளே போய்வருவது போல ஒரு தெளிவு. என்னுடையது வெள்ளைதான், ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் வெள்ளை. டாக்டர், ட்யூப்லைட் வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்றார். வீட்டுக்கு வந்தால் சூரிய வெளிச்சத்திலும் அப்படித்தான் தெரிந்தது. என் அம்மாவே என்னை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, "அவளுக்கு நல்லா அமைஞ்சிருக்குளா" என்றாள்.

அதற்கப்புறம் அவளுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். அவர்கள் குடும்பத்தில் பழைய காலத்து முத்துமாலை ஒன்று இருந்தது. ஒற்றை வடம், அரிசி அளவில் தொடங்கி நடுவில் பட்டாணி அளவுக்குப் போகும். எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிறது. இன்றைக்கு முத்துநகர் என்று போர்டு இருக்கிற ஊரில் கடையில் விற்பதெல்லாம் எங்கிருந்தோ வரும் ஆற்று முத்து. அந்த மாலையோ நம் கடலில் எடுத்தது என்றார்கள். நிச்சயத்தன்று அதை மாமியார் தன் கையால் அவள் கழுத்தில் போட்டார். அவள் சிரித்தாள். ஒரு வரிசை கழுத்தில், ஒரு வரிசை வாயில். நான் பந்திக்கு இலை போடப் போய்விட்டேன்.

மாலையின் கொக்கி தளர்ந்திருந்ததால் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாக நகை செய்யும் ஆசாரியிடம் கொடுத்து மாற்றி வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை அது திரும்பி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது மாலை அவள் கட்டிலில் திறந்த பெட்டிக்குள் இருந்தது. மாப்பிள்ளையிடமிருந்து வீடியோ கால் வந்தது. கப்பலில் சிக்னல் கிடைப்பது அபூர்வம் என்பதால் அவள் போனோடு மொட்டைமாடிக்கு ஓடினாள்.

நானும் முத்தும் மட்டும் இருந்தோம். இந்தக் கடற்கரையில் பிறந்தவள் கையில் முத்து கிடைத்தால் முதலில் என்ன செய்வாள்? முன்பல்லில் உரசிப் பார்ப்பாள். நிஜ முத்து நரநரவென்று மணல் மாதிரி தட்டும், போலி வழுக்கிக்கொண்டு போகும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். நடு முத்தை எடுத்து உரசினேன்.

வழுக்கியது.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை வேறு எதிலும் நான் அடைந்ததில்லை. வேலை கிடைத்தபோதுகூட இல்லை. போலி. அந்தச் சிரிப்பு, அந்த மாமியார், நம் கடலில் எடுத்தது என்ற பெருமை, எல்லாம் போலி. மறுபடி உரசினேன், மறுபடியும் வழுக்கியது. உறுதிப்படுத்த ஆசை வந்தது. போலி முத்தைக் கடித்தால் மேல்பூச்சு உரியும் என்று எங்கோ படித்திருந்தேன். முன்பல்லுக்கு நடுவே வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன்.

டிக் என்றது. பூச்சு உரியவில்லை. நாக்கில் எதுவோ குத்தியது, துப்பினேன். உள்ளங்கையில் என் கேப்பின் மூலை கிடந்தது. முத்தின் மேல் மயிரிழை மாதிரி ஒரு கோடு. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. மாலையைப் பெட்டியில் போட்டேன், துண்டைக் கைக்குட்டையில் முடிந்தேன். வாயைத் திறக்காமலே வயிற்றுவலி என்று சைகை காட்டிவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தேன்.

எங்கள் வீட்டுக் கண்ணாடியில்தான் அதைப் பார்த்தேன். உடைந்த மூலையில் கறுப்பாக ஒரு விளிம்பு. உலோகம்.

ஜிர்கோனியாவில் உலோகம் கிடையாது. பர்ஸில் இருந்த கார்டு ஜிர்கோனியா என்கிறது, வாயில் இருப்பது வேறு. குற்ற உணர்ச்சி வர வேண்டிய இடத்தில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான் ஆபீஸில் பார்ப்பது இதே வேலைதான். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டை நனைந்து வந்தால் போட்டோ எடுத்து, எங்கே எப்போது யார் கையில் இருக்கும்போது நனைந்தது என்று எழுதி நஷ்ட ஈட்டுக்குக் கிளெய்ம் போடுவது. உடைந்த துண்டை ஜிப் கவரில் போட்டேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் பல்லைப் போட்டோ எடுத்தேன். மறுநாள் ஞாயிறு பூசையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் அவளுக்கு முதலாவதை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் அறிவித்தபோது என் நாக்கு அந்தக் கூர்மையான விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கன்ஸ்யூமர் கோர்ட், மருத்துவ அலட்சியம் என்று தேடித்தேடிப் படித்து இரண்டு பக்கத்துக்குக் கடிதம் அடித்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் என் கடிதத்தை வாங்கி முழுசாகப் படித்தார். சண்டைக்கு வருவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து லேப் சீட்டுகளை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஒரே நாள், ஒரே தெரு, ஒரே இனிஷியல், ஒரே பல், ஒரே நிறம். என் அளவு எனக்கும் அவள் அளவு அவளுக்கும் சரியாக வந்திருக்கிறது. எந்தப் பொருளில் செய்ய வேண்டும் என்பது மட்டும் லேபில் இடம் மாறிவிட்டது.

"உங்க ஜிர்கோனியா உங்க அக்கா வாயில இருக்கு" என்றார்.

நான் படித்துத் தேர்ந்தெடுத்தது, நான் சம்பளத்தில் போட்டது, அதுவும் அவளுக்கு. அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது எல்லாம்.

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. மாட்டுவதற்கு முன் கேப்பின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் உலோகம் தெரிந்திருக்கும், தான் பார்க்கவில்லை, லேப் மேல் பழிபோடப் போவதில்லை என்றார். என் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது. அன்று நான் கையெழுத்துப் போட்ட நோட்டையும் திறந்து காட்டினார். கேப்பைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன் என்று மேலே அச்சடித்திருந்தது. ஆபீஸில் சரக்கு வாங்க வரும் டிரைவர்களிடம் மூட்டையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க அண்ணாச்சி, அப்புறம் கிளெய்ம் செத்துப்போகும் என்று நாள்தோறும் கத்துகிறவள் நான்.

புது ஜிர்கோனியா போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். பிறகு ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். லேபுக்கு அனுப்ப வேண்டிய படிவம். "எப்படி உடைஞ்சதுன்னு இங்க எழுதுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மாத்திப் போட்டது என் தப்பு. அதுக்கு நீங்க எங்க வேணாலும் போகலாம். உடைஞ்சது தனி விஷயம். மெட்டல் கேப்பும் இட்லிக்கு உடையாதும்மா. கடினமானதைக் கடிச்சிருந்தா லேப் பொறுப்பேத்துக்காது, அப்ப நானே பாத்துக்கிடுதேன். எதுன்னாலும் உள்ளதை எழுதுங்க."

வீட்டில் எழுதித் தருகிறேன் என்று படிவத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் போன் அடித்தது. அம்மா. எதிர்வீட்டில் ஒரே ரகளை, மாலையில் நடு முத்தில் கீறல் இருக்கிறதாம். ஆசாரி நல்ல முத்தை எடுத்துக்கொண்டு போலியைக் கோத்துவிட்டார் என்று பெரியப்பா அவர் கடைக்கே போய், நாலு பேர் பார்க்க நின்று சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லப்போகிறாராம். "பாவம் அந்த மனுசன், உன் காதுகுத்துக்குக் கம்மல் செஞ்சு குடுத்தவரு" என்றாள் அம்மா.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். படிவத்தில் இரண்டு வரி இடம் விட்டிருந்தது. அதில் இட்லி என்று எழுதினால் டாக்டர் வாயை மூடிக்கொள்வார், புதுக் கேப் வரும், முத்தை யாரும் என்னோடு சேர்க்க மாட்டார்கள். ஆசாரி திருடன் ஆவார். உள்ளதை எழுதினால் ஒரு கிளெய்மில் நான் பாதி தோற்பேன், இன்னொன்றில் முழுசாக. அவளிடம் போய் நின்று, உன் முத்து போலியாக இருக்காதா என்று கடித்துப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து அவளிடம் நான் தோற்ற எதையும் வாயால் ஒப்புக்கொண்டதில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் ஆசாரியின் கடை ஞாபகம். முன்னால் கண்ணாடிப் பெட்டி, சின்ன ஸ்டூல், எதையும் கண்ணருகில் வைத்துப் பார்க்கும் அவருடைய பழக்கம். அங்கே நாலு பேர் பார்க்க.

எதிர்வீட்டில் பெரியப்பா வெளியே போயிருந்தார். பெரியம்மா அடுக்களையில் பாத்திரங்களிடம் ஆசாரியைத் திட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கட்டிலில் அவள் மாலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாக, அவள் முன்னால் வாயைத் திறந்து காட்டினேன்.

பார்த்தாள். முத்தைப் பார்த்தாள். மறுபடி என் வாயைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

"கடிச்சியாளா?"

தலையாட்டினேன்.

"எதுக்கு?"

"போலியா இருக்கும்னு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "போலியா இருக்கணும்னு."

அடிப்பாள் என்று நினைத்தேன், குறைந்தது அழுவாள். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். குரலை இறக்கி, "உனக்கும் வழுக்குச்சா?" என்று கேட்டாள்.

நிச்சயத்தன்றே அவளும் உரசிப் பார்த்திருக்கிறாள். மாமியார் வீட்டுக்காரர்கள் படியிறங்கிய மறுநிமிஷம், பாத்ரூமில் போய். வழுக்கியிருக்கிறது. அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. போலியைப் போட்டு ஏமாற்றுகிற வீட்டுக்குப் போகிறோமே என்ற பயம் ஒரு பக்கம், இதை வெளியே சொன்னால் நான் சிரிப்பேனே என்ற பயம் ஒரு பக்கம். ஆம், நான். கீறலைப் பார்த்து ஆசாரிதான் மாற்றினார் என்று பெரியப்பா கிளம்பியபோது, அது பொய் என்று தெரிந்தும் தடுக்கவில்லையாம். "மாமியார் வீட்டுக்குக் கெட்ட பேரு வாரதுக்கு ஆசாரிக்கு வரட்டும்னு இருந்துட்டேன்" என்றாள். அவள் அப்படியும் யோசிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எந்தப் பல்லுல உரசுன?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். என் ஜிர்கோனியாவின் மேல்.

இரண்டு பேரும் சொந்தப் பல்லில் உரசவே இல்லை. பட்டறையில் தேய்த்து வழவழப்பாக்கிய பீங்கானில் உரசிவிட்டு, ஒரு குடும்பத்தையும் ஒரு ஆசாரியையும் சந்தேகப்பட்டிருக்கிறோம். ஒரே பெஞ்சில் படித்தவர்கள்தானே. அவள் மாலையை எடுத்து ஓரத்துக் கோரைப்பல்லில் உரசினாள். கண் விரிந்தது. என்னிடம் நீட்டினாள். நானும் உரசினேன். நரநரவென்று கடற்கரை மணல் மாதிரி தட்டியது. நடு முத்து, பக்கத்து முத்து, எல்லாமே.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவ்வளவுக்குப் பிறகும், எனக்குள் பழைய எரிச்சல் ஒரு சொட்டு விழுந்தது. நிஜம்தானாம்.

ஆசாரி கடைக்கு இரண்டு பேரும் போனோம். அவள் ஓட்டினாள், நான் பின்னால் இருந்தேன். நடந்ததை நான்தான் சொன்னேன். எதையும் விடவில்லை, அவள் தன் பங்கைத் தானே சொன்னாள். ஆசாரி மாலையை வாங்கிக் கண்ணருகில் வைத்து உருட்டிப் பார்த்தார். மேலாகத்தான் கோடு விழுந்திருக்கிறது, முடிச்சுப் போட்டுக் கோக்கும்போது கோடு கழுத்துப் பக்கம் வரும்படி திருப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். மாலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பிறகுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொன்னது சரி தாயி. ஆனா உங்கப்பா சத்தம் போட்டது இந்தா இந்த எடத்துல நின்னு. அவரும் இங்கனயே வந்து சொல்லணும்."

பெரியப்பாவைக் கூட்டிவந்தது அவள். எப்படிச் சம்மதிக்கவைத்தாள் என்று தெரியாது, சிரித்திருப்பாள். மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கு அதே இடத்தில் நின்று, அதே நாலு பேரில் மூன்று பேராவது இருக்கும்போது, தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி என்று பெரியப்பா சொன்னார். நான் எதிர்க் கடையில் நின்று பார்த்தேன். அதன்பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

படிவத்தில் எழுதினேன்: முத்தைக் கடித்தேன், அக்காவுடையது. டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, ஜிர்கோனியாவாக இருந்திருந்தால் இது உடைந்திருக்காது, அதனால் உடைந்ததிலும் தனக்குப் பாதிப் பொறுப்பு உண்டு என்று தன் பங்குக்குக் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் இரண்டு பக்கக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கிழித்துவிடவில்லை. நன்றாக எழுதியிருந்தேன்.

அக்காவின் கேப்பை என்ன செய்வது என்று கேட்டேன். நன்றாகப் பொருந்தியிருப்பதைக் கழற்ற எந்தக் காரணமும் இல்லை, அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்றார். அவளும் சொன்னாள், உன்னோடதுதான்ளா, வேணும்னா கழத்தித் தாரேன், நீ வாயில வச்சுக்க. அவ்வளவு தாராளம்.

புதுக் கேப் வந்த அன்று மாட்டுவதற்கு முன் கேட்டு வாங்கி உள்ளே திருப்பிப் பார்த்தேன். வெள்ளை. நோட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் நிறம் தேர்ந்தெடுத்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். டாக்டர் பல் மாதிரிகள் கோத்த பட்டையை என் உதட்டருகில் பிடித்தபோது, ஒரு படி கூடுதல் வெள்ளையாகப் போட முடியுமா என்று கேட்டேன். பக்கத்துப் பல்லோடு சேராது, தனியாகத் தெரியும் என்றார்.

தெரியட்டும் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. அவளுக்குப் போட்ட அதே நிறத்தைத்தான் எனக்கும் போட்டார். மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறன்று கோயில் வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். இரண்டு பல்லும் ஒன்று போலவே இருக்கின்றன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அவளுடையதில்தான் வெளிச்சம் கொஞ்சம் கூட விழுந்திருக்கிறது. நின்ற இடம் அப்படி.